லவானின் கடைசி வாளி

வண்டியிலிருந்து முதலில் எதை இறக்குவது என்று கோர்டிக்குத் தெரியவில்லை. முன் இருக்கையில், சீட் பெல்ட் மாட்டிய ஒரு மரப்பெட்டியில், அவர் மனைவி லவானின் சாம்பல் இருந்தது. பின்னால் வெள்ளை வாளி ஒன்றில் அவள் கடைசியாகக் கைவைத்த மீன்குஞ்சுகள் இருந்தன.

"வாளியத்தான் மொதல்ல எடுக்கணும்" என்றாள் லவானோடு வேலை பார்த்த மரிசேலா. "உள்ள இருக்கறதுக்கு உசுரு இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ கோர்டி, நான் அந்த மாதிரி நெனச்சு..."

"சரியாத்தான் சொன்ன. அவளும் இதத்தான் சொல்லியிருப்பா. அந்தப் பக்கம் பிடி."

ஆளுக்கொரு பக்கமாக வாளியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு விவசாயிகள் கூடத்தின் படியேறினார்கள். மூன்றாவது படியில் தண்ணீர் தளும்பி கோர்டியின் கறுப்பு ஷூவில் விழுந்தது. சாவுக்கென்றே வாங்கி வைத்திருந்த ஷூ அது. இந்த ஊரில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அப்படியொரு ஜோடி தேவைப்படும். வாளியின் விளிம்பில் மாட்டியிருந்த சின்னப் பெட்டி 'ர்ர்ர்' என்று இரைந்துகொண்டே வந்தது. பேட்டரியில் ஓடுவது. மெல்லிய குழாய் ஒன்றின் வழியாகத் தண்ணீருக்குள் காற்றை ஊதும். லவானின் வண்டியில் இந்தச் சத்தம் இல்லாத நாளைக் கோர்டி பார்த்ததில்லை. காது புளித்துப்போன சத்தம்.

லவான் ஆற்றில் மீன்பொறி பார்ப்பவள். பனி உருகி ஆறு பெருகும்போது, கடலுக்குக் கிளம்பும் சால்மன் குஞ்சுகளும் ஸ்டீல்ஹெட் குஞ்சுகளும், தண்ணீரில் சுழலும் ஒரு பெரிய தகரப் புனலுக்குள் வந்து சேரும். அவற்றை மயக்கி, அளந்து, அரிசிமணி அளவுக் கண்ணாடிச் சில்லு ஒன்றை வயிற்றுக்குள் செலுத்தித் திரும்ப விடுவாள். கீழே ஒவ்வொரு அணையிலும் ஒரு கருவி உட்கார்ந்திருக்கும். சில்லு வைத்த குஞ்சு கடந்தால், இன்ன குஞ்சு இன்னும் உயிரோடிருக்கிறது என்று அது சொல்லும். சொல்லாவிட்டால் செத்ததா, கருவியின் கண்ணில் படாமல் போனதா என்று படித்தவர்கள் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். இருபத்தாறு வருஷம் லவான் இதைச் செய்தாள். ஒவ்வொரு மார்ச்சிலும் வேலைக்கு எடுப்பார்கள், ஒவ்வொரு நவம்பரிலும் அனுப்பிவிடுவார்கள். மீன்வளத் துறையின் கணக்கில் அவள் கடைசிவரை தற்காலிக ஊழியர்.

செவ்வாய்க்கிழமை காலையில் சில்லு வைத்த குஞ்சுகள் இவை. அன்று சாயங்காலம் அவள் போய்விட்டாள். இன்று சனிக்கிழமை.

"ஒரு நாளைக்கு மேல அடைச்சு வெக்கக் கூடாதுன்னு அவ சொல்லுவாளே" என்றார் கோர்டி.

"அந்த ரூலப் போட்டதே டைரக்டர்தான்."

"அப்புறம்?"

"ரூலுக்கு விலக்கு குடுத்து அவரே கையெழுத்தும் போட்டுட்டாரு. நினைவஞ்சலியாம். 'மறைந்த நம் ஊழியர் கையால் கடைசியாகச் சில்லு பெற்ற மீன்களை, அவரை நேசித்தவர்கள் ஆற்றில் விடுவார்கள்.' மெயில்ல இப்படியே எழுதியிருந்தாரு." மரிசேலா மூச்சை இழுத்து விட்டாள். அவள் மீனைப் பற்றிப் பட்டம் வாங்கியவள். அவளுக்கும் நவம்பர் வந்தால் வேலை போய்விடும். "நாலு நாளா பொறிக்குப் பக்கத்துல கூண்டுல வெச்சு நான்தான் காவல். கடலுக்குப் பொறப்பட்டதுங்கள பஸ் ஸ்டாண்டுல உக்கார வெச்ச மாதிரி."

நிகழ்ச்சி நிரலை வழவழப்பான தாளில் அச்சடித்திருந்தார்கள். ஜெபம், டைரக்டர் டாக்டர் ஹார்க்னஸின் உரை, பிறகு எல்லோரும் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஆற்றுக்கு நடந்துபோய் மீன் விடுதல். முதல் கோப்பை டைரக்டர், இரண்டாவது மாவட்ட ஆணையர், மூன்றாவது பாஸ்டர். நாலாவதாகக் கோர்டியின் பெயர் இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. அதுவரைக்கும் சரி.

உள்ளே லவானின் தங்கை ஐலீன் சாப்பாட்டு மேஜையை ஆண்டுகொண்டிருந்தாள். சீஸும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட தட்டுகள் ஏழு வந்திருந்தன. ஒவ்வொன்றையும் செய்தவள், மற்ற ஆறும் கொஞ்சம் காய்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஐலீன் வாளியைப் பார்த்ததும் ஓடிவந்து, காலால் அதை ஹீட்டர் பக்கம் தள்ளினாள்.

"என்ன பண்ற?"

"பாவம், குளிராது அதுங்களுக்கு?"

"ஐலீன், அது ஆத்து மீனு."

"ஆத்து மீனுன்னா குளிராதா? நீ ஆத்துப்பக்கத்துலதான் இருக்க, உனக்குக் குளிரல?"

மரிசேலா வாளியைத் தூக்கி முதல் வரிசையில் கோர்டியின் நாற்காலி அருகே வைத்தாள். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று யாரோ கைப்பிடியில் கறுப்பு ரிப்பன் கட்டினார்கள். மூடியையும் எடுத்துவிட்டார்கள். மரப்பெட்டி மேடையில், பூக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. மரிசேலாவைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். டைரக்டரின் படங்களைத் திரையில் மாற்றுவது அவள் பொறுப்பு.

வந்தவர்கள் கோர்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

"எவ்ளோ அமைதியான சாவு, கோர்டி. குடுத்து வெச்சவ."

"தூக்கத்துலயே போயிட்டான்னாங்க. நமக்கெல்லாம் அப்பிடி வாய்க்குமா?"

கோர்டி தலையாட்டினார். தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது.

பாஸ்டர் எழுந்து ஜெபிக்கத் தொடங்கினார். தலைகள் குனிந்தன. வாளியின் பெட்டி மட்டும் 'ர்ர்ர்' என்று தன் பாட்டுக்கு இரைந்தது. அது மைக்கில் ஏறி, கர்த்தர் நடுவில் கொட்டாவி விடுவதுபோல் ஒலித்தது. பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து வாளியைப் பார்த்தார். பிறகு கோர்டியைப் பார்த்தார். கோர்டி குனிந்து பொத்தானை அணைத்தார்.

கூடம் நிசப்தமானது. இரண்டு மூன்று பேர் அவரை நன்றியோடு பார்த்தார்கள். இடம் தெரிந்து நடந்துகொள்கிறவர், அந்த நேரத்திலும்!

அந்த நிசப்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தின் நிசப்தம் மாதிரியே இருந்தது. அன்று லவான் ஈரத்தோடு வந்தாள். ஆற்று உடைகளைக் கழற்றிச் சலவை இயந்திரத்தில் போட்டாள். "பாக்கெட்டப் பாத்துப் போடு!" என்று இவர் நாற்காலியிலிருந்து கத்தினார். எப்போதும் ஒன்றிரண்டு கண்ணாடிச் சில்லுகள் அவள் பாக்கெட்டில் தங்கிவிடும். சலவை ஓடும்போது டிக்டிக்கென்று இரும்பில் மோதும். இவர் எழுந்துபோய் இயந்திரத்தை நிறுத்தி, கையை விட்டுத் துழாவி, அவளைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுப்பார். "யோவ், மெஷின்தான உனக்குப் பொண்டாட்டி" என்பாள். அன்றைக்கு அதுவும் சொல்லவில்லை. "பாக்கறேன், பாக்கறேன்" என்றாள். இயந்திரத்தை ஓடவிடக்கூட இல்லை. வந்து பக்கத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், அசதியாக இருக்கிறாள் என்று சத்தத்தைக் குறைத்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம் குறைத்தார். ஆட்டம் முடியும்வரை, உதட்டசைவைப் பார்த்தே வர்ணனையைப் புரிந்துகொண்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சத்தத்தைக் குறைத்த விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று வந்து பார்த்த டாக்டர் கேட்கவுமில்லை.

"ஆமென்" என்றது கூடம்.

டாக்டர் ஹார்க்னஸ் மேடையேறினார். உயரமானவர். வருத்தம் அவருக்குப் பொருத்தமாகத் தைக்கப்பட்டிருந்தது. லவானை அவர் இரண்டு தடவை நேரில் பார்த்திருக்கிறார், இரண்டும் புகைப்படத்துக்காக. ஆனாலும் குரல் தழுதழுத்தது.

"நண்பர்களே, நம்ம துறை ஒரு குடும்பம். இன்னிக்கு அந்தக் குடும்பம் லவினாவ இழந்துருச்சு."

"லவான்" என்று ஐலீன் பல்லைக் கடித்தாள்.

"ஒரு குஞ்சு கெளம்புறப்ப அதுக்கு முன்னால எத்தனை ஆபத்து? பறவை, வெயில், எட்டு அணை. அத்தனையும் தாண்டி எத்தனை பொழைக்குதுன்னு சொல்றது எப்பிடி? லவினா மாதிரி ஆளுங்களாலதான். அடுத்த படம்."

திரையில் ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கியது. பிழைப்பு விகிதம். ஆண்டுவாரியாக. துக்கத்துக்கு வந்தவர்கள் அதை மரியாதையோடு பார்த்தார்கள்.

"இன்னிக்கு லவினாவும் ஒரு ஆத்துலதான் போயிக்கிட்டிருக்காங்க. அணையே இல்லாத ஆறு. அடுத்த படம்."

அடுத்த படத்தில் பொறியும், அதன்மேல் குனிந்திருந்த யாரோ ஒருத்தியின் முதுகும் தெரிந்தன. கோர்டிக்கு அந்த முதுகு யாருடையது என்று தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் கண்ணைத் தாழ்த்தினார். அப்போதுதான் வாளிக்குள் பார்த்தார்.

குஞ்சுகள் எல்லாம் மேலே வந்திருந்தன. வட்டமாக, மூக்கைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

மீன் சமாச்சாரம் எதையும் காதில் வாங்கியதில்லை என்று கோர்டி ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். மரலாரி ஓட்டினவனுக்கு மீன் எதற்கு? ஆனால் இருபத்தாறு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டால் வேண்டாதது எல்லாம் உள்ளே போய்விடும். 'மேல வந்து வாயத் தொறந்தா அது உனக்குக் கும்புடு போடல, யோவ். காத்து இல்லாம தவிக்குது.' உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே லவான் சொல்லியிருக்கிறாள்.

குனிந்து பொத்தானை அழுத்தினார். பெட்டி ஒருமுறை இருமி நின்றது. மறுபடி அழுத்தினார். அசையவில்லை. உள்ளங்கையால் தட்டினார். முன்வரிசையில் மாவட்ட ஆணையர் திரும்பி, துக்கத்தில் இருப்பவரை மன்னிக்கும் முகத்தோடு பார்த்தார்.

கோர்டி பின்னால் திரும்பி மரிசேலாவைத் தேடினார். வாளியைச் சுட்டினார். அவள் எம்பிப் பார்த்தாள். எழுந்தாள்.

"அடுத்த படம்" என்றார் டைரக்டர்.

மரிசேலா உட்கார்ந்து படத்தை மாற்றினாள். மறுபடி கீழே இறங்கும் ஒரு கோடு.

வாளியில் ஒரு குஞ்சு மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளை வயிறு தெரிந்தது. சத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. எவ்வளவு அமைதி!

கோர்டி எழுந்தார். ஐலீன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு கோர்டி. இன்னும் கொஞ்ச நேரந்தான். முடிஞ்சுரும்."

"முடிஞ்சுரும்னுதான் எந்திரிக்கிறேன்."

இரண்டு கையாலும் வாளியைத் தூக்கினார். கனத்தது. டைரக்டர் பேச்சை நிறுத்தி, கனிவோடு மைக்கிலேயே சொன்னார்:

"கோர்டன், நாம இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரல."

"மீனு வந்துருச்சு" என்றார் கோர்டி.

சமையலறை வழியாகப் போவதுதான் குறுக்கு. உருளைக்கிழங்குத் தட்டுகளுக்கும் ஜெல்லி சாலடுக்கும் நடுவே, தளும்பத் தளும்ப, "தள்ளு, தள்ளு" என்று போனார். பின்கதவை இடுப்பால் தள்ளினார். கைப்பிடியின் மறுபக்கத்தில் இன்னொரு கை விழுந்தது. மரிசேலா.

"படம்?"

"அந்தக் கோட்டுலயே நிக்குது. நிக்கட்டும்."

சரிவில் புல் ஈரமாக இருந்தது. இருவரும் பாதி ஓடி பாதி சறுக்கி இறங்கினார்கள். ஆறு பழுப்பாக, பனி உருகிய வேகத்தோடு போய்க்கொண்டிருந்தது. கோர்டி ஷூவோடு முழங்கால் ஆழத்தில் இறங்கினார். குளிர் எலும்பைப் பிடித்தது. வாளியைக் கவிழ்க்கப் போனார்.

"கொட்டிராதீங்க!" மரிசேலா கத்தினாள். "உள்ள இருக்கற தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. இந்தக் குளுருல அப்பிடியே கொட்டினா அதிர்ச்சியிலயே போயிரும். ஆத்துத் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடணும்."

"எவ்ளோ நேரம்?"

"கொஞ்ச நேரம்."

"எவ்ளோன்னு கேட்டேன்."

"அவங்ககிட்டக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

கோர்டி வாளியை ஓட்டத்துக்கு எதிராகத் தொடையில் அணைத்துக்கொண்டார். "'உனக்கு அவசரம்னா அதுக்கு மீனு என்னய்யா பண்ணும்'பா."

மரிசேலா கையால் ஆற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளி உள்ளே ஊற்றினாள். நேரே ஊற்றாமல், உயரத்திலிருந்து சிதறவிட்டாள், காற்றும் கலக்கட்டும் என்று. கோர்டி நின்றார். எழுபது வயதுக்கு அதுதான் மிகக் கஷ்டமான வேலை. சும்மா நிற்பது. உள்ளே வாய்கள் திறந்து மூடின. கறுப்பு ரிப்பன் நனைந்து அவர் கையில் ஒட்டிக்கொண்டது.

பின்னால் புல் நெரியும் சத்தம் கேட்டது. டாக்டர் ஹார்க்னஸ் மூச்சு வாங்க வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காலுறைகளைச் சுருட்டி அதற்குள் வைத்தார். கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் வந்தார்.

"சாஞ்சதக் குடுங்க."

சாய்ந்த குஞ்சை இரண்டு கைக்குள்ளும் வாங்கி, நீரோட்டத்துக்கு முகம் கொடுத்துப் பிடித்தார். இறுக்காமல், விடாமல். அந்தக் கைகளுக்கு வேலை தெரிந்திருந்தது. டைரக்டர் ஆவதற்கு முந்தைய கைகள் போலிருக்கிறது. குஞ்சின் செவுள் ஒருமுறை விரிந்தது. நின்றது. மறுபடி விரிந்தது. வால் ஒரு சொடுக்குச் சொடுக்கியது, கை காலியாகிவிட்டது.

டைரக்டர் நிமிர்ந்து, தன்னையறியாமல், கரையில் யாராவது படமெடுக்கிறார்களா என்று பார்த்தார். துறையின் புகைப்படக்காரி மேலே சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவங்க பேரு..." என்று மறுபடி குனிந்து கேட்டார். "லவினாதான?"

"லவான்" என்றார் கோர்டி.

"மேடையில நான் எல்லாத் தடவையும்..."

"ஆமா. எல்லாத் தடவையும்."

"ஓ" என்றார் டைரக்டர். அன்றைய நாளில் அவர் பேசியதிலேயே சுருக்கமானது அதுதான்.

மரிசேலா விரலை விட்டுப் பார்த்து, "இப்ப" என்றாள். கோர்டி வாளியை மெதுவாகச் சாய்த்தார். குஞ்சுகள் தாமாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஓட்டத்துக்கு முகம் கொடுத்து, வாலைக் கடல் பக்கம் வைத்தபடி வெளியே நழுவின. அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு கணம் அவர் கால்களைச் சுற்றி நின்றன. அப்புறம் பழுப்புத் தண்ணீரில் எதுவும் தெரியவில்லை.

வாளியின் அடியில் இரண்டு தங்கிவிட்டன. டைரக்டர் இரண்டையும் ஓட்டத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையை அசைத்து, மரிசேலாவின் கையில் கொடுத்துவிட்டு, ஷூக்களைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மேலே ஏறினார்.

"இதுகளோட சில்ல எடுத்துக் கணக்குல காட்டணும்" என்றாள் மரிசேலா. "விடறதுக்கு முன்னாலயே செத்துருச்சுன்னு."

"அவ கணக்குல எழுதாத."

"சில்லு வெச்சவங்க பேருலதான் எழுதணும், கோர்டி."

"பொட்டிய நான்தான் அணைச்சேன்." கோர்டி இன்னும் தண்ணீரிலேயே நின்றிருந்தார். "பாஸ்டர் பாத்தாரு. அணைச்சுட்டேன். தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு." காலி வாளியைத் தொடையோடு அணைத்துக்கொண்டார். "சத்தம் வேணாம்னு நெனச்சேன்."

மரிசேலா அவரைப் பார்த்தாள். வாளியைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் அவளுக்குப் புரிந்தது. "குளுருது, வாங்க" என்று முழங்கையைப் பிடித்துக் கரையேற்றினாள்.

சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டார். காய்ந்துதான் இருந்தது. மறுபடி கைகளைப் பிடித்தார்கள், தலையாட்டினார். கிளம்பி, பாதிச் சாலையில்தான் முன் இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்தார். திரும்பிப் போனார். ஐலீன் வாசலில் நின்றிருந்தாள். ஒரு கையில் தாள் சுற்றிய உருளைக்கிழங்குத் தட்டு, இன்னொரு கையில் மரப்பெட்டி.

"மீன ஞாபகமா தூக்கிட்டு ஓடத் தெரிஞ்சுது" என்றாள். அழுது முடித்த கண்கள். "எங்கக்காவ விட்டுட்டுப் போற."

"இருந்தா அவளும் அதுங்க பின்னாலதான் ஓடியிருப்பா."

"ஓடியிருப்பா, கழுத" என்று ஐலீன் பெட்டியைத் தானே இருக்கையில் வைத்து பெல்ட்டை மாட்டினாள். தட்டை அதன் காலடியில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சமையலறை ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தது. கால்சட்டை தொடைவரை நனைந்து, ஆற்று வாடையும் மீன் வாடையும் அடித்தது. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுச் சலவை இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. அவள் போட்ட உடைகள் போட்டபடியே கிடந்தன. அதே வாடை.

தன் கால்சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டார். சோப்புத்தூள் போட்டார். பாக்கெட்டுகளைப் பார்க்கவில்லை. மூடிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

தண்ணீர் நிரம்பியது. டிரம் ஒருபக்கம் புரண்டது, மறுபக்கம் புரண்டது. கொஞ்ச நேரம் தண்ணீரும் துணியும் மட்டும்தான்.

பிறகு 'டிக்' என்றது.

பழைய பழக்கத்தில் கோர்டியின் கை பொத்தானுக்குப் போனது.

டிக். டிக்டிக்.

கையை எடுத்தார். ஒரு நாற்காலியை இழுத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டு, உள்ளாடையோடு உட்கார்ந்துகொண்டார்.